மலைமேல் அடைகாத்தல்

உயிர்கள் தோன்றும் வகையை நம் முன்னோர் நான்காக வகுத்தனர். முட்டையிற் பிறப்பன, வேர்வையிற் பிறப்பன, வித்தில் முளைப்பன, கருப்பையிற் பிறப்பன என்பன அவை. அவற்றுள் அண்டசம் எனப்படும் முட்டைப் பிறப்பே ஆராய்வார்க்கு எளிதிற் கைகொடுப்பது. கருப்பையுட் கிடக்கும் குழவியைக் காண்டல் அரிது. முட்டையையோ கையிலெடுத்து நிறுக்கலாம். விளக்கின் முன் பிடித்து உள்ளே நோக்கலாம். கடற்கரை ஊரொன்றிலிருந்து மலையுச்சிக்குக் கொண்டும் போகலாம். இறுதியிற் கூறிய அச்செயலால் முட்டைக்கு நேர்வது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். சைவக் கல்லூரியொன்றின் மலரிற் கோழிமுட்டைக்கு என்ன வேலை என முகஞ்சுளிக்கும் அன்பர்கட்கு ஒரு சொல்: இங்கே பேசப்படுவது சட்டிக்குப் போகும் முட்டையன்று, குஞ்சாகும் முட்டை. சேவலைக் கொடியிற் கொண்ட கடவுளை வழிபடுவோர் அதற்கு இவ்வளவு இடங்கொடுத்தல் தகும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கடகத்திலே வைக்கோல் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை வைத்து, அடைக்கோழியை ஏற்றிவிட்டால், 21ஆம் நாளிற் பெரும்பாலானவை குஞ்சாகிக் கீச்சிடும். அதே வீட்டு முட்டைகளை நுவரெலியாவுக்குக் கொண்டுசென்று ஓர் அடைகாக்கும் பொறியில் வைத்தால், குஞ்சு பொரிப்பன மிகக் குறைந்து விடுவதுண்டு. உத்தியோக மாற்றம் பெற்று மலைநாடு செல்லும் நம்மவர் சிலருக்கு இஃது ஒரு பொழுதுபோக்கின் இழப்பாக முடியலாம். ஆயின் தோட்டத்து லயத்தில் வாழும் குடும்பமொன்று, நாட்கூலிக்குப் புறம்பாகச் சிறிது வருவாய் தேடி, 50 முட்டை கொள்ளும் சிறு பொறியொன்றைக் கடன்பட்டு வாங்கியிருக்குமாயின், ஒரு தவணை முட்டை முழுதும் பாழாதல் அதற்குச் சிறு நட்டமன்று. மூன்று வாரக் காத்திருப்பும் அதனோடு போகும்.

இதற்குக் காரணம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வர். வழியிற் குலுங்கிற்று என்பர். இடி கேட்டது என்பர். இடிக்குக் காவலாக இரும்பாணியும் கரித்துண்டும் கூட்டில் வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார் காலந்தொட்டு உள்ளது. அதனால் முட்டைக்குத் தீங்கில்லை. சிறிது அறிவியல் படித்தவரோ, மலையிற் காற்று மெல்லியது, ஆகவே குஞ்சுக்கு மூச்சு முட்டிற்று என்று முடிவுகட்டி, அடுத்த தவணையிற் பொறியின் காற்றுத் துளைகளையெல்லாம் அகலத் திறந்து விடுவர். பாட்டியின் இரும்பாணியைப்போல இதனைத் தீங்கற்றதென விட்டுவிட முடியாது. எம் நாட்டு மலைகளின் உயரத்தில் இவ்வைத்தியம் பெரும்பாலும் நோயிலும் கொடியதாகிறது. ஏன் என்பதை விளக்குமுன், இச்சிக்கலின் பழமையைச் சிறிது காண்போம்.

பெரு நாட்டை வென்ற இசுப்பானியத் தலைவன் பிரான்சிசுக்கோ பிசாறோ, 1534இல் அந்தீசு மலைத்தொடரிலுள்ள ஹௌஹா என்னும் ஊரைத் தலைநகராக்கினான். அதன் உயரம் ஏறத்தாழ 3,400 மீற்றர். எம் பீதுருதாலகாலைச் சிகரத்தினும் 800 மீற்றருக்கு மேல் அதிகம். அவ்வாண்டு முடியுமுன்னரே குடியேறியோர் கூடி, தலைநகரைக் கடற்கரைப் பக்கம் மாற்றவேண்டும் எனத் தீர்மானித்தனர். அவர் எழுதிவைத்த காரணங்களுள் ஒன்று, அம்மலைப் பகுதியிற் பன்றியும் குதிரையும் கோழியும் இனம் பெருகவில்லை என்பது. 1535 சனவரி 18ஆம் நாள் லீமா நகரம் நிறுவப்பட்டது. தலைநகரொன்று இடம்பெயர்வதற்குக் கடற்போக்குவரத்து முதலிய பெருங்காரணங்கள் இருந்தன என்பது மெய்யே. எனினும் கூழ்முட்டையும் அக்காரணங்களின் வரிசையில் இடம்பெற்றமை வரலாற்று விநோதங்களுள் ஒன்று. அம்மக்கள் குளிரையும் நிலத்தின் மலட்டுத்தன்மையையும் பழித்தனர். காற்றுக்கு நிறையுண்டு என்பதைத் தொரிசெல்லி இரசக் குழாயினாற் காட்டியது அதற்கு 100 ஆண்டுகளுக்குப் பின்னரே ஆதலின், காற்றின்மேல் ஐயங்கொள்ள அவர்க்கு வழியில்லை. பெரு நாட்டு மருத்துவ அறிஞர் கார்லோசு மொங்கே, 1948இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலிலே இப்பழைய பதிவை எடுத்துக்காட்டி, உயரத்தின் விளைவாக இதனை விளக்கினார்.

இனி முட்டையிடம் வருவோம். முட்டையோடு கல்லைப்போல் அடைபட்டதாய்த் தோன்றினும் அஃது அடைபட்டதன்று. சாதாரணக் கோழிமுட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 10,000 நுண்டுளைகள் உள்ளன. அவற்றின் வாய்களையெல்லாம் ஒன்றாய்ச் சேர்த்தாலும் பரப்பு 2 சதுர மில்லிமீற்றரைச் சிறிதே கடக்கும். ஒரு குண்டூசித் தலையளவு என்க. அக்குண்டூசித் தலையளவு வாயிலால் ஓர் உயிர் 21 நாள் மூச்சுவிடுகிறது. முட்டையை நீருள் அமிழ்த்தி, மேலுள்ள காற்றைப் பம்பியால் அகற்றினால், ஓட்டின்மேற் குமிழிகள் அரும்புவதைக் காணலாம். இதனை 1863இல் வெளியிட்டவர் யோன் டேவி என்பவர். இவர் ஈழத்துக்குப் புதியவரல்லர். 1816 முதல் 1820 வரை இங்குப் படைமருத்துவராயிருந்து, இலங்கையின் உட்பகுதியைப் பற்றி 1821இல் நூலொன்று வெளியிட்டவர். நுவரெலியாச் சமவெளியைக் கண்டெழுதிய முதல் ஐரோப்பியருள் ஒருவர். முட்டையின் துளையும் நுவரெலியாவின் உயரமும் ஒருவர் கண்ணிலேயே பட்டிருந்தும், அவ்விரண்டுக்குமுள்ள தொடர்பு தெளிவாவதற்கு மேலும் 100 ஆண்டுக்கு மேற் சென்றது.

தொடர்பைத் தெளிவாக்கியவர்களுள் முதன்மையானவர், அமெரிக்காவின் பபலோ நகரிலுள்ள பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய ஹேர்மன் ரான் என்னும் உடற்றொழிலியலாளர். 1970ஆம் ஆண்டை அடுத்து அவரும் அவர்தம் உடனாய்வாளரும் முட்டையின் மூச்சை அளந்து கணக்கிட்டனர். 60 கிராம் நிறையுள்ள ஒரு முட்டை 21 நாளில் ஏறத்தாழ 6 இலீற்றர் ஒட்சிசனை உட்கொள்கிறது. நாலரை இலீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. 11 இலீற்றர் நீராவியை இழக்கிறது. இவை யாவும் ஒரே துளைகளின் வழியே நிகழ்வன. மார்பை விரித்துச் சுருக்கிக் காற்றை இழுக்கும் ஏற்பாடு முட்டைக்கு இல்லை. வளி மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானே செல்லும் பரவல் ஒன்றே அதற்குத் துணை. ஒட்சிசன் வெளியே மிகுதி, ஆகவே உள்ளே வருகிறது. நீராவி உள்ளே மிகுதி, ஆகவே வெளியே செல்கிறது. ஒன்றுக்குக் கதவைத் திறந்து மற்றதற்கு அடைத்தல் முட்டையினால் இயலாது. உயரத்தின் சிக்கலெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துள் அடங்கும்.

11 இலீற்றர் நீராவி என்பது நிறையில் 9 கிராம் அளவு நீர். இந்நீர் வீணே போவதன்று, போகவேண்டியதே. நீர் போன இடத்திற் காற்று நிரம்பி, முட்டையின் பருத்த முனையில் வளியறை விரிகிறது. 19ஆம் 20ஆம் நாட்களிற் குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் கிழித்து, முதன்முதலாக நுரையீரலால் மூச்சிழுப்பது அவ்வறையுள்ளேதான். நீர் போதிய அளவு போகாவிடில் அறை சிறிதாகி, குஞ்சு ஈரத்துள் திணறும். அளவுக்கு மிஞ்சிப் போய்விடில் குஞ்சு வற்றி, சவ்வு தோல்போலாகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டிற் சிறு துளையிட்ட பின்னும் திரும்பிச் சுழல முடியாமல் உள்ளேயே மடியும். 18ஆம் நாள் முடிவில் முட்டை தன் முதல் நிறையில் நூற்றுக்கு 12 பங்களவு இழந்திருத்தல் நன்று என்பது கோழிவளர்ப்போர் பொதுவாகக் கொள்ளும் அளவு.

இப்போது இம்முட்டையை நுவரெலியாவுக்கு ஏற்றுவோம். அவ்வூரின் உயரம் 1,868 மீற்றர், அதாவது 6,128 அடி. கடல்மட்டத்தில் இரசக் குழாயில் 760 மில்லிமீற்றராய் நிற்கும் வளியமுக்கம் அங்கு ஏறத்தாழ 610 மில்லிமீற்றர்தான். நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடுவதாற் பருப்பு அவியச் சுணங்கும் என்பதை அங்கு சமைத்தோர் அறிவர். காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கும் நூற்றுக்கு 21 ஆயினும், காற்றே ஐந்திலொரு பங்கு குறைந்தமையால் ஒட்சிசனும் ஐந்திலொரு பங்கு குறைகிறது. இதுவரை படித்தவர் சொன்னது சரியே.

அவர் காணாது விட்டது மற்றொன்று. காற்று மெலியும்போது, அதனூடே வளிகள் பரவும் விரைவு கூடுகிறது. நல்லூர்த் தேர்த்திருவிழா அன்று கோவில் வீதியை ஒருவன் கடக்க எவ்வளவு நேரமாகும்? விழா முடிந்து கூட்டம் கலைந்தபின் அதே வீதியைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? வீதி அதே வீதிதான். இடித்து மறிப்போர் குறைந்தனர். முட்டையோட்டின் துளைகளும் அத்தகையனவே. அமுக்கம் எந்த அளவுக்குக் குறைகிறதோ அந்த அளவுக்குப் பரவல் விரைவுபடும். 760ஐ 610ஆல் வகுத்தால் ஒன்றேகால் வரும். ஆகவே நுவரெலியாவில் அதே துளைகள் ஒன்றேகால் மடங்கு பெரியனவாகி விட்டாற்போல் தொழிற்படுகின்றன.

இதனால் ஒட்சிசனைப் பொறுத்தமட்டில் முட்டைக்கு ஓர் ஈடு கிடைக்கிறது. சமவெளியில் ஓட்டுக்கு வெளியே பொறியுள் ஒட்சிசனின் பகுதியமுக்கம் 150 மில்லிமீற்றர். பொரிக்குமுன் வளியறையுள் 100 அளவு. இடையே 50 மில்லிமீற்றர் ஓட்டைக் கடக்கும்போது செலவாகிறது. நுவரெலியாவில் வெளியே 120 அளவு. ஆனாற் பரவல் விரைந்தமையால் ஓட்டிற் செலவாவது 40 மட்டுமே. உள்ளே 80 எஞ்சும். பரவல் விரையாதிருப்பின் 70தான் எஞ்சியிருக்கும். எனவே மெலிந்த காற்று ஒரு கையாற் பறித்ததிற் சிறு பங்கை மறு கையால் திருப்பித் தருகிறது. 80 என்பது குறைவே எனினும், நல்ல கோழியின் நல்ல முட்டையிலுள்ள முளையம் பெரும்பாலும் அதனைப் பொறுத்துக்கொள்ளும். வளர்ச்சி சிறிது மந்தமாகலாம், பொரிப்பது சில மணிநேரம் பிந்தலாம்.

நீரைப் பொறுத்தமட்டில் ஈடு ஒன்றுமில்லை, இழப்பே உண்டு. பரவல் ஒன்றேகால் மடங்கு ஆவதால் வற்றுதலும் ஒன்றேகால் மடங்கு ஆகிறது. அதன்மேல் மலைநாட்டுக்கேயுரிய மற்றோர் ஏமாற்றமும் உளது. நுவரெலியாவிற் பனிமூட்டம் சன்னலைத் தட்டுகிறது. துணி இரண்டு நாளாயினும் உலர்வதில்லை. சுவரிற் பூஞ்சணம் பிடிக்கிறது. இத்தகைய ஈரமான ஊரில் முட்டை எங்ஙனம் வற்றும் என்று கேட்பது இயல்பே. ஆயின் குளிர்காற்று கொள்ளக்கூடிய நீராவி மிகச் சிறிது. 15 பாகை செல்சியசில் நீராவியால் முற்றாய் நிரம்பிய பனிக்காற்றின் ஆவியமுக்கம் 13 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதே காற்றைப் பொறியுள் இழுத்து 37.5 பாகைக்குச் சூடாக்கினால், அவ்வெப்பநிலையில் அது கொள்ளக்கூடியது 48 மில்லிமீற்றர். எனவே வெளியில் நூற்றுக்கு நூறாயிருந்த சாரீரப்பதன் உள்ளே நூற்றுக்கு 26 ஆகிவிடுகிறது. வெளியே பனிமூட்டம், பெட்டிக்குள்ளே பாலைவனம். யாழ்ப்பாணத்துக் காற்றோ 28 பாகையும் நூற்றுக்கு 80 ஈரமும் உடையதாயின், ஆவியமுக்கம் 23 மில்லிமீற்றரளவு. சூடாக்கிய பின்னும் சாரீரப்பதன் நூற்றுக்கு 47 இருக்கும். பொறியின் தட்டில் நீர் வற்றிப்போனாலும் அங்கு முட்டைகள் ஓரளவு தப்புவது இதனாலேயே.

இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டாற் சிக்கலின் அளவு புலப்படும். நீர்த்தட்டில்லாத பொறியில், ஓட்டின் உள்ளுக்கும் வெளிக்குமுள்ள ஆவியமுக்க வேறுபாடு யாழ்ப்பாணத்தில் 26 அளவு. நுவரெலியாவில் 36 அளவு. பிந்தியதைப் பரவலின் விரைவாகிய ஒன்றேகாலாற் பெருக்கினால் ஏறத்தாழ 45. அதாவது அதே முட்டை அங்கு ஒன்றேமுக்கால் மடங்கு விரைவாக வற்றுகிறது. காற்றுத் துளைகளை அகலத் திறப்பவர் செய்வது யாதெனில், வெளியிலுள்ள ஒட்சிசனுக்கு மேல் ஒரு துளியும் கூட்ட முடியாதவராய், பெட்டிக்குள் அரிதிற் சேர்ந்த ஈரத்தை மட்டும் வெளியே அனுப்புதல். மூச்சு முட்டிற்று என்று அவர் எண்ணிய குஞ்சு உண்மையில் தாகத்தால் இறந்தது.

இவ்விடத்திற் கோழியே தரும் சாட்சியொன்று உண்டு. கலிபோர்ணியாவிலுள்ள வெண்மலைத் தொடரில், 3,800 மீற்றர் உயரத்திலே கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வுநிலையத்தை நடத்தி வந்தது. அங்கே ஆதர் சிமித் என்பவர் வெள்ளை லெக்கோண் கோழிகளைப் பல தலைமுறையாக வளர்த்தார். அவ்வுயரத்தில் வளியமுக்கம் 480 மில்லிமீற்றர். பரவல் சமவெளியினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். தொடக்கத்திற் பொரித்த முட்டைகள் சிலவே. பொரித்தவற்றின் வழிவந்த கோழிகளையே மேலும் மேலும் பெருக்கப் பெருக்க நிலைமை சீர்ப்பட்டது. 1974இல் ரானும் சிமித்தும் பிறரும் அக்கோழிகளின் முட்டைகளை அளந்து வெளியிட்ட முடிவு, எதிர்பார்ப்புக்கு நேர்மாறானது. ஒட்சிசன் அரிதான இடத்தில் வாழும் கோழி, துளைகள் கூடிய ஓட்டையன்றோ இடவேண்டும்? அவை இட்டதோ வளி கடப்பது குறைந்த ஓடு. பரவல் எவ்வளவு விரைந்ததோ அதற்கேற்ப வாயிலைச் சுருக்கி, நீரிழப்பைச் சமவெளி அளவுக்கே கொண்டுவந்திருந்தன. பின்னர் 3,800 மீற்றரிலிருந்து 1,200 மீற்றருக்குக் கோழிகளை இறக்கி, அவற்றின் ஓட்டில் நேரும் மாற்றத்தையும் ஆராய்ந்தனர். 1982இல் அது வெளிவந்தது. அமெரிக்க மலைகளிற் கூடுகட்டும் காட்டுப் பறவைகளின் முட்டைகளிலும், உயரம் கூடுந்தோறும் துளைப்பரப்புக் குறைதல் காணப்பட்டது.

நீரையும் மூச்சையும் தராசிலிட்டு இயற்கை நீரின் பக்கமே சாய்ந்தமைக்கு நியாயம் உண்டு. ஒட்சிசன் சிறிது குறைந்தால் முளையத்துக்குச் சில வழிகள் உள. குருதி அதனை மேலும் இறுகப் பற்றலாம், வளர்ச்சி மெதுவாகலாம், உடல் சிறிதாகலாம். திபெத்து நாட்டுக் கோழியினம் நெடுங்காலம் உயர்நிலத்தில் வாழ்ந்து, சமவெளி இனங்களைக் காட்டினும் அங்கு நன்கு பொரிப்பது இத்தகைய தகைவினாலேயே. போன நீரை மீட்க முளையத்துக்கு வழியே இல்லை. முட்டைக்குக் குடிநீர் தருவார் யார்? ஆயினும் இத்தராசும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதன்று. அந்தீசில் ஏறத்தாழ 4,000 மீற்றருக்கு மேற் கூடுகட்டும் நீர்ப்பறவைகள் சிலவற்றின் ஓடு மீண்டும் வளியை எளிதில் விடுவதாய் இருக்கக் கண்டனர். அங்கே ஒட்சிசன் அத்துணை அரிதாதலின், நீரைச் சிறிது செலவிட்டேனும் மூச்சைப் பெறவேண்டியதாகிறது. ஹௌஹாவின் இசுப்பானியர் இரு பகையையும் ஒருங்கே எதிர்கொண்டனர். எம் மலைநாட்டில் ஊர்கள் உள்ள உயரம் வரையில், முதற்பகை வற்றுதலே என்பது என் துணிபு.

ஆகவே நுவரெலியாவிலோ அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலோ பொறி வைப்பவர் செய்யத்தக்கன சில கூறுவேன். வெப்பநிலையை உயரத்துக்காக மாற்ற வேண்டியதில்லை. விசிறியுள்ள பொறியில் 37.5 பாகை; விசிறியில்லாததில் முட்டையின் மேற்புற மட்டத்தில் 38.5 முதல் 39 வரை. மண்ணெண்ணெய் விளக்கோடு கூடிய பழைய பொறி வைத்திருப்போர் மட்டும் ஒன்றைக் கவனிக்க. அவற்றில் வெப்பத்தை ஆள்வது ஈதர் நிரம்பிய உலோக வில்லை. அமுக்கம் குறைந்த இடத்தில் அவ்வில்லை முன்னதாகவே விரிவதால், கீழே சரிப்படுத்திய பொறி மேலே உரிய வெப்பத்தை அடையுமுன் தணிந்துவிடும். மலையிலேயே மீண்டும் சரிப்படுத்துக. பொறியைக் காற்று வாங்கும் விறாந்தையில் வைக்காது, குளிர் புகாத அறையில் வைக்க. கீழிருந்து வந்த முட்டைகளை, லொறியிலோ புகையிரதத்திலோ பட்ட குலுக்கம் அடங்கும்படி, பருத்த முனை மேலாக ஒருநாள் ஓய வைத்தே பொறியில் இடுக.

ஈரந்தான் தலையாயது. சமவெளியில் முதல் 18 நாளுக்குச் சாரீரப்பதன் நூற்றுக்கு 55 எனக் கொண்டால், அதே அளவு நீரிழப்புக்கு நுவரெலியாவில் 64 வேண்டும். 3,800 மீற்றரில் 71 வேண்டும். இது சமவெளி முட்டைக்கான கணக்கு. மலையிலேயே நெடுநாள் வாழ்ந்த கோழியின் முட்டை, தன் ஓட்டினாலேயே இதிற் சிறிது ஈடுசெய்திருக்கலாம். ஈரத்தைக் கூட்ட நீர்த்தட்டை ஆழமாக்குவதிற் பயனில்லை. ஆவியாவது நீரின் மேற்பரப்பே. தட்டின் பரப்பைக் கூட்டுக, அல்லது ஒரு துணித்துண்டின் ஒருமுனையை நீரிலிட்டு விரித்துத் தொங்கவிடுக. தட்டில் ஊற்றும் நீர் இளஞ்சூடாயிருத்தல் வேண்டும். நுவரெலியாக் குழாய்நீரை நேரே ஊற்றினாற் பெட்டி குளிர்ந்துபோம். ஈரக்குமிழ் வெப்பமானியை நம்புவோர், அதன் அட்டவணைகள் பொதுவாகக் கடல்மட்ட அமுக்கத்துக்கு வகுக்கப்பட்டன என்பதை நினைவிற் கொள்க.

அட்டவணையினும் நம்பத்தக்கது தராசு. 60 கிராம் கொண்ட 30 முட்டைகள் ஒரு தட்டில் இருப்பின் நிறை 1,800 கிராம். நாள் ஆறு முடியும்போது 72 கிராமும், பன்னிரண்டில் 144 கிராமும், பதினெட்டில் 216 கிராமும் குறைந்திருத்தல் முறை. ஆறாம் நாளிலேயே 110 கிராம் போய்விட்டதாயின் ஈரம் போதாது. உடனே கூட்டினால் எஞ்சிய நாட்களில் ஓரளவு சரிக்கட்டலாம். 72க்கு மாறாக 50தான் போயிற்று எனின் நீர்ப்பரப்பைக் குறைக்க. தேயிலைக் கொழுந்து நிறுப்பவருக்கு இக்கணக்கை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கடைத்தராசே போதும், 5 கிராம் வேறுபாடு காட்டினாற் சரி.

காற்றுத் துளைகளை முதற் பத்து நாள் சிறிதளவே திறந்திருக்கலாம். அந்நாட்களில் முளையத்துக்கு வேண்டிய ஒட்சிசன் மிகக் கொஞ்சம். பன்னிரண்டாம் நாளுக்குப் பின் படிப்படியாக அகலமாக்குக. கடைசி மூன்று நாளில் மூச்சுத்தேவை உச்சத்தை அடைவதால் துளைகளை அடைத்தல் ஆகாது. அதேவேளை ஈரமும் நூற்றுக்கு 70க்கு மேல் வேண்டுமாதலின், அந்நாட்களில் ஈரத்துணியைக் கூட்டியே ஈடுசெய்ய வேண்டும். முட்டை கீறும் ஒலி கேட்டதும் மூடியைத் திறந்து திறந்து பார்க்கும் ஆசை சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. ஒருமுறை திறந்தால் மலைக்காற்றில் அவ்வளவு ஈரமும் நொடியிற் போய்விடும். கீறிய முட்டையின் சவ்வு காய்ந்து இறுகும். கண்ணாடிச் சாளரம் இல்லாத பெட்டியாயின் 21ஆம் நாள் வரை அதனைப் பூட்டி வைப்பதே நன்று.

ஒட்சிசன் உருளையிலிருந்து பொறியுட் சிறிது விடும் முறை மிக உயர்ந்த இடங்களிலுள்ள பெரும் பொரிப்பகங்களுக்கு ஏற்றதே. எம் மலைகளின் உயரத்தில் வீட்டுப் பொறிக்கு அது வேண்டியதில்லை. விளக்கெரியும் பெட்டிக்கு அது தீ அபாயமும் ஆகும். பொலிவியா நாட்டினர் இச்சிக்கலை வேறு வகையாய்ச் சமாளிக்கின்றனர். 3,600 மீற்றர் உயரத்திலுள்ள லா பாசு நகர்ப்பக்கத்தை விட்டு, தாழ்ந்த சாந்தா குறூசு, கோச்சபம்பா பகுதிகளிலேயே அவர்தம் கோழித்தொழில் பெரிதும் நடைபெறுகிறது. பொரித்த குஞ்சு உடலுள் எஞ்சிய மஞ்சட்கருவைக் கொண்டு இரண்டு மூன்று நாள் தீனியின்றி இருக்க வல்லதாதலின், முட்டையை மலையேற்றுவதினும் குஞ்சை மலையேற்றுவது எளிது. பத்துக் கோழிக்கு மேல் வேண்டாதவர் ஒருநாட் குஞ்சுகளாக வாங்குவதே மலிவு. தம் கையிலேயே இனம் பெருக வேண்டும் என்பார், அக்குஞ்சுகள் அங்கேயே வளர்ந்து இடும் முட்டைகளை வைக்க. ஆண்டு சென்ற முதிர்கோழியின் பெருமுட்டையை விலக்குக, அதன் ஓடு மெலிந்து வற்றுதல் மிகும். அடைக்கோழி கிடைத்தாற் பொறியே வேண்டா. கூட்டினுள் அவள் உடல் காக்கும் ஈரத்துக்கு இணையில்லை. குளிரை முன்னிட்டு முட்டைகளை எட்டு ஒன்பதாகக் குறைக்க மட்டும் மறவற்க.

பொரியாத முட்டைகளை எறியுமுன் உடைத்துப் பார்ப்பது அருவருப்பான வேலையே எனினும் காரணம் அறிய வேறு வழியில்லை. வளியறை பெரிது, குஞ்சு சிறுத்து வற்றிச் சவ்வோடு ஒட்டியிருக்கிறது எனின் ஈரம் போதவில்லை. வளியறை சிறிது, குஞ்சு ஊதி நீர்ப்பற்றாய் இருக்கிறது எனின் ஈரம் மிகுந்தது.

நம் கல்லூரி மேல்வகுப்பு மாணவர் இப்பரவல் விதியைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். அதற்குக் கருக்கொள்ளாத முட்டைகளே போதுமாதலின் சீவகாருணியத்துக்கு இழுக்கில்லை. ஒரே வீட்டுக் கோழிகள் ஒரே நாளில் இட்ட முட்டைகள் சிலவற்றை இலக்கமிட்டு, நீரை உறிஞ்சும் கல்சியங்குளோரைட்டோடு மூடிய கலத்தில் இட்டு, 30 பாகையில் நிலைநிறுத்திய பெட்டியில் வைத்து, ஒரு வாரம் நாள்தோறும் ஆய்வுகூடத் தராசில் நிறுக்க. ஒரு முட்டை நாளொன்றுக்கு அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைய இழக்கும். பின் அதே முட்டைகளை, மலைநாட்டில் ஆசிரியராயிருக்கும் பழைய மாணவர் ஒருவர்க்கு அனுப்பி, அதே வெப்பநிலையில், அதே முறையில் மறுவாரம் நிறுக்கச் செய்க. நுவரெலியாவாயின் இழப்பு ஒன்றேகால் மடங்கை அண்டியிருக்க வேண்டும். 1,225 மீற்றர் உயரமுள்ள பண்டாரவளையாயின் அதனிற் குறைவாக இருக்கும்.